மாநாட்டுச் செய்தியை டவுன்லோட் பக்கத்தில் போடுங்கள்

அப்பாச்சி மென்பொருள் திட்டங்களில் கமிட்டர்களாகவும் (நிரலை நேரடியாக மாற்ற உரிமை பெற்றவர்கள்) மேலாண்மைக் குழு உறுப்பினர்களாகவும் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு ஜாவா சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட்டும், நிரலைக் கட்டித்தரும் மேவனும், செய்திகளைக் கடத்தும் காஃப்காவும் இல்லாவிட்டால் எங்கள் பாடம் ஒரு வாரம்கூட ஓடாது. அந்த உரிமையில் கேட்கிறேன். உங்கள் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை நடத்தும் ‘கம்யூனிட்டி ஓவர் கோட்’ மாநாட்டின் அறிவிப்பை, உங்கள் கைக்கு எட்டுகிற ஒவ்வொரு திட்டத் தளத்திலும், ஒரே மாதிரி, ஆட்கள் வந்து இறங்குகிற பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.

முதற்பக்கத்தில் போட்டிருக்கிறோமே என்பீர்கள். முதற்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? என் வகுப்புப் பையன் தேடுபொறியில் ‘டாம்கேட் டவுன்லோட்’ என்று அடிக்கிறான், நேராகப் பதிவிறக்கப் பக்கத்தில் போய் விழுகிறான். ஜிப், டார், விண்டோஸ் இன்ஸ்டாலர் என்று வரிசையாக இருக்கும். கண் ஜிப்பில் போய் நிற்கும். ஒரு கிளிக், அவ்வளவுதான், ஜன்னலை மூடிவிடுவான். மேவனில் பில்டு உடைந்தால் சிவப்பில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எடுத்து ஒட்டித் தேடுவான். அது அவனை ஏதோ ஒரு பழைய பதிப்பின் ஆவணத்தில் கொண்டுபோய் விடும். ஆண்டுக்கணக்கில் டாம்கேட் ஓட்டியவர்களில் பலர் அதன் முதற்பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அதனால்தான் அவர்களுக்கு டாம்கேட் தெரியும், அதன் பின்னால் ஓர் அறக்கட்டளை இருப்பது தெரியாது. 1999-ல் தொடங்கியது, லாப நோக்கமில்லாதது, நூற்றுக்கணக்கான திட்டங்கள் அதன் கீழ் இருக்கின்றன என்றால், “அப்பாச்சின்னா அந்த வெப் சர்வர்தானே அண்ணா?” என்கிறார்கள். மாநாட்டைப் பற்றிச் சொன்னால், “அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு உள்ளது இல்லியா?” என்று ஒரு சிரிப்பு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகள் அப்பாச்சிகான் என்று நடந்த மாநாடு 2023-ல் ‘கம்யூனிட்டி ஓவர் கோட்’ ஆனது. அந்த ஆண்டு ஹாலிஃபாக்ஸிலும் பெய்ஜிங்கிலும், 2024-ல் பிராட்டிஸ்லாவா, ஹாங்சோ, டென்வரிலும் நடந்தது. ஊர் மாறும், மாதம் மாறும், பெயரே மாறிவிட்டது. உள்ளே இருக்கிற உங்களுக்கு மின்னஞ்சலில் வந்துவிடும். வெளியே இருக்கிறவனுக்குத் திட்டத்தின் தளம் ஒன்றுதான் வாசல்.

‘ஒரே மாதிரி’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடைக்கு ஒரே அச்சகத்தில் நோட்டீஸ் அடிப்பார்கள். டீக்கடை, சலூன், ரேஷன் கடை எல்லாவற்றிலும் அதே மஞ்சள் தாள்தான் ஒட்டியிருக்கும். டீக்கடையில் பார்த்தபோது கண்ணில் பட்டதோடு சரி. சலூனிலும் அதையே பார்க்கும்போதுதான் நின்று தேதியைப் படிப்போம். காஃப்கா தளத்தில் பார்த்த அதே அறிவிப்புப் படத்தை மறுநாள் மேவன் தளத்திலும் பார்க்கிற பையனுக்கு, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ஒரு தளத்தில் பழைய பெயர், இன்னொன்றில் ஆசிய மாநாடு மட்டும், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை என்றால் அந்த இரண்டாவது பார்வை நடக்கவே நடக்காது.

இதற்கு வேண்டியதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. நிகழ்வுப் படத்தை அறக்கட்டளை தன் தளத்தில் மாறாத ஒரே முகவரியில் வைத்திருக்கிறது. அடுத்த மாநாடு வந்ததும் படம் மாறும், முகவரி மாறாது. பக்கங்களுக்கெல்லாம் பொதுவான வார்ப்புருவில் போட ஒரு சின்ன எச்டிஎம்எல் துணுக்கும் தருகிறார்கள். அறக்கட்டளையின் சொந்தத் தளத்திலிருந்தே வருவதால், வெளியார் சரக்கைத் திட்டத் தளங்களில் ஏற்றக் கூடாது என்ற உங்கள் தனியுரிமை விதியோடும் அது மோதாது. ஹியூகோவோ, பெலிக்கனோ, மேவன் சைட்டோ, எதில் தளம் கட்டினாலும் தலைப்பகுதி வார்ப்புருவில் ஒரு முறை சேர்த்தால் பதிவிறக்கப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்துக்கும் போய்விடும்.

அப்படியிருந்தும் சிலர் படத்தை இறக்கித் தங்கள் கோப்புறையில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு திட்டத்தின் தளத்தில், பெயர் வேண்டாம், எப்போதோ முடிந்துபோன மாநாட்டுக்கு இன்னும் அழைப்பு தொங்குகிறது. சொடுக்கினால் பக்கம் கிடைக்கவில்லை என்று வருகிறது. இதற்கு அறிவிப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். செத்த இணைப்பைப் பார்க்கிறவன், திட்டமே செத்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வான்.

பழைய பதிப்பின் ஆவணங்களில் யாரும் கை வைக்கமாட்டீர்கள், அது நியாயமும்கூட. ஆனால் ‘இது பழைய பதிப்பு, புதியது இங்கே’ என்று பல தளங்களில் மேலே ஒரு பட்டை ஓடுகிறது. இணைப்பை அதில் சேர்க்கலாம். தளங்களைத் துழாவி நிகழ்வு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் விம்சி கருவியில் தேறிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அது இணைப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், மனிதர் கண்ணில் படுகிறதா என்று பார்க்காது. கைபேசியில் பக்கவாட்டுப் பட்டி மூன்று கோட்டுக்குள் சுருண்டுகொள்ளும், படமும் அதோடு போய்விடும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கைபேசியில்தான் படிக்கிறார்கள். ஆகவே படத்தின் கீழே ஊர், மாதம், ஆண்டு மூன்றையும் எழுத்தில் ஒரு வரி போடுங்கள். திரைவாசிப்பானில் கேட்கிறவருக்கும் அதுதான் உதவும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், அறக்கட்டளையில் பயண உதவிக் குழு என்று ஒன்று இருக்கிறது. கையில் காசில்லாதவர்களுக்கு விமானச் சீட்டும் தங்குமிடமும் மாநாட்டு அனுமதியும் ஏற்பாடு செய்து தருகிறது. கமிட்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. அதற்கான விண்ணப்பம் மாநாட்டுக்கு வெகு முன்பே மூடிவிடும், மாநாட்டில் பேச விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கும் உரைகளுக்கான அழைப்பும் அப்படித்தான். விசாவுக்கு நாள் வாங்கி, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு உட்கார்ந்து சென்னைக்குப் போக வேண்டியவனுக்கு, மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு படம் காட்டி என்ன பயன்? உரைகளுக்கு அழைப்பு திறக்கிற அன்றே அறிவிப்பு ஏற வேண்டும். அதில் மாநாட்டுத் தேதியைவிட விண்ணப்பத்தின் கடைசித் தேதி பெரிதாகத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு திட்டத்தின் தளத்தையும் அந்தந்தக் குழுவே கவனிக்கிறது, படத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்பது தெரியும். அதனால்தான் அறக்கட்டளைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். தளத்தில் விளம்பரம் வேண்டாம் என்று குழுவில் யாராவது சொல்லலாம். கம்பெனி நடத்தும் கூட்டங்களுக்கு அந்தக் கம்பெனியே விளம்பரம் செய்துகொள்ளும். உங்கள் மாநாட்டுக்கு உங்கள் தளங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? 2023-ல் டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேர்கிற தூரம். உங்களுடையதும் ஒரு நாள் இந்தப் பக்கம் வரலாம். அன்றைக்கு அரங்கை நிரப்ப வேண்டியவர்கள் இப்போது ஜிப்பை மட்டும் இறக்கிக்கொண்டு போகிறார்கள்.

வார்ப்புரு எந்த ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்), எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். மாற்றத்தைச் செய்து புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கையாக, அனுப்ப எங்கள் வகுப்பிலேயே ஆள் இருக்கிறது. பார்த்து மெர்ஜ் செய்வது உங்கள் வேலை.

அன்புடன்,
வடசேரியிலிருந்து ஒரு ஜாவா வாத்தியார்