பாயில் விடு, பக்கத்தில் இரு

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வயலில் குறுவை நட்டு, பயிர் பச்சை பிடித்துவிட்டது. கொல்லைக் கதவைத் திறந்தாலே வாய்க்கால் சத்தம்தான். அந்தச் சந்தோஷத்தோடு உன் கடிதத்தைப் பிரித்தால், முழுக்க முட்டிவலியும் பேத்தியும்! "கீழே விட்டால் ஊரைக் கூட்டுகிறாள், மருமகள் அறைக்குள் வேலை பார்க்கிறாள், இடுப்பில் இவளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் குழம்பு வைப்பேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. உன் முட்டி ஏற்கெனவே படுத்துகிறது என்று எனக்குத் தெரியாதா?

என் பேரனுக்கு இப்போது எட்டரை மாதம். ஆறு மாதம் வரை அவனும் இப்படித்தான். வளைகாப்புக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். வீட்டில் நாலு பெரியவர்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் எட்டுக் கை நீளும். நான் அங்கன்வாடியில் 28 வருஷம் இருந்தவள்தான், ஆனால் அங்கே என் கையில் வந்ததெல்லாம் இரண்டு வயசு தாண்டிய பிள்ளைகள். கைக்குழந்தை விளையாடுவதை உட்கார்ந்து பார்த்தது இவனிடம்தான்.

ஒருநாள் காலை, தூங்கி எழுந்து, பால் குடித்து, துணி மாற்றி, நல்ல மனசாக இருந்தான். தாழ்வாரத்தில் கோரைப்பாயை விரித்து அவனைக் கவிழ்த்து விட்டுவிட்டு, பக்கத்துத் தூணில் சாய்ந்து வாழைப்பூ ஆய உட்கார்ந்தேன். ஒரு டபராவும் மரக்கரண்டியும் பாயில் கிடந்தன. கரண்டியால் பாயைத் தட்டினான், சத்தமே இல்லை. டபராவில் தட்டினான், டங்கென்றது. கையை அப்படியே நிறுத்தினான். மறுபடி பாய், மறுபடி டபரா. பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு டபராவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தான். அது புரண்டு உருண்டது. இரண்டு முழம் நகர்ந்து போய் எட்டிப் பிடித்தான். நான் மூன்று மடல் பூவுக்குக் கள்ளன் எடுத்து முடித்திருந்தேன். அவன் என்னை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது மகள் வந்தாள். "அம்மாடி, என் தங்கம் என்ன பண்றான் பாரு!" என்று கைதட்டினாள். அவ்வளவுதான். நிமிர்ந்தான், அவளைப் பார்த்தான், இரண்டு கையையும் தூக்கினான். ஆட்டம் கலைந்தது. ஆசையில் செய்ததுதான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது, ராஜி. இந்தப் பிள்ளைக்குத் தனியாக விளையாடத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது தப்பு. அவன் ஆரம்பிக்கிற ஒவ்வொரு தரமும் நாம்தான் குறுக்கே போயிருக்கிறோம்.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1946-இல் புடாபெஸ்ட் நகரத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் துணி மாற்றும்போதும் அவசரப்படாமல், முழுக் கவனத்தையும் அந்தக் குழந்தைக்கே கொடுக்க வேண்டும். அதன்பின் தரையில் விட்டு அதன் போக்கில் இருக்க விட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அதுவாக உட்காருவதற்கு முன் பிடித்து உட்கார வைக்கவும் கூடாது. நம் பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்தைப் பாடுகிறார்களே, ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுவது. அதற்குத் தரை வேண்டாமா? இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளை எங்கே செங்கீரை ஆடும்?

உன் பேத்திக்கும் அந்த நேரத்தைப் பார்த்து வை. வயிறு நிறைந்து, தூக்கம் தெளிந்த நேரம். முதல் நாள் நீயும் பாயிலேயே உட்கார். பேசாதே, பொம்மையை ஆட்டிக் காட்டாதே, சும்மா இரு. மூன்று நிமிஷம் விளையாடினால் அதுவே பெரிது. நாலைந்து நாள் போனால் நாற்காலிக்கு வா, அப்புறம் சமையலறை வாசலுக்கு. சிணுங்கினால் உடனே தூக்காமல் ஒரு குரல் கொடு. அழுதால் தூக்கிவிடு. அழவிட்டுப் பழக்கு என்று நான் சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதே. போன மாதம் அவன் விளையாடுகிறானே என்று மகள் சொல்லாமல் நழுவிக் கடைக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தவன் வீறிட்டு அழுதான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் முந்தானையை விடவில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று பிள்ளைக்குப் புரிய ஆரம்பிக்கிறது. திரும்பி வருவாளா என்பதுதான் தெரியாது. இப்போது "அம்மா போயிட்டு வரேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். கொஞ்சம் அழுகிறான், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறான்.

பொம்மைக்குக் கடைக்குப் போகாதே. எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, துவைத்த துணி, ஓலைக் கிலுகிலுப்பை, இவற்றில் இரண்டு மூன்று போதும். பத்தைப் பரப்பினால் ஒன்றிலும் கண் நிற்காது. பாயைச் சுற்றிப் புளியங்கொட்டை, பட்டன், பேட்டரி எதுவும் கிடக்கக் கூடாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கு 3.17 சென்டிமீட்டர் அகலக் குழல் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதையும் மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வை, அரை சாண் தண்ணீர்கூட ஆபத்து. நான் இங்கே கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளே போட்டுவிட்டேன். தனியாக விளையாடட்டும், ஆனால் நம் கண்ணில் இருக்கட்டும்.

சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். படியில் உருண்டும் அடுப்பருகே போயும் அடிபடுகிறார்கள் என்று கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். பிடித்து நிற்க ஆரம்பிக்கட்டும், நம் மர நடைவண்டி இருக்கிறது. செல்போனும் வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மருமகளிடம் இதைப் பக்குவமாகச் சொல், பாவம், அவளும் இரவெல்லாம் விழித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "பிள்ளைய இப்படித் தரையில போட்டிருக்கீங்களே" என்றார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். அரைமணி நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது எதுவும் சொல்லவில்லை, மறுநாள் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு மாயவரத்திலிருந்து புறப்பட்டு வந்துவிடு. பேத்தியையும் கூட்டி வா. தெருப் பிள்ளைகள் இப்போதே சப்பரத்துக்குச் சக்கரம் தேடி அலைகிறார்கள். காலையில் படித்துறைக்குப் போய் வந்ததும் காப்பரிசி கிளறுகிறேன். இரண்டையும் ஒரே பாயில் விட்டுவிட்டு, நாம் தூணில் சாய்ந்து பேசலாம். எந்த பஸ் என்று முன்னாடியே சொல், யாரையாவது நிறுத்தத்துக்கு அனுப்புகிறேன்.

உன்,
செல்வி
திருவையாறு