பையில் இருந்தபடியே டேப் செய்த வேலை

அன்புள்ள தம்பிக்கு,

ஈரோட்டிலிருந்து அம்மா எழுதுவது. உன் டேப் (டேப்லெட்) அலுவலக வைஃபையில் இணையவில்லை, கணக்கும் பூட்டிக்கொள்கிறது என்று நேற்றிரவு போனில் நீ சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது; பக்கத்தில் நின்றுகொண்டு "சாப்பிட்டானா என்று கேள்" என்று உன் அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதி அனுப்பினால் அலுவலகத்தில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க உனக்கும் வசதியாக இருக்கும். டேப்பை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடவா என்று கேட்டாயே, அதை மட்டும் செய்யாதே. உள்ளே இருக்கும் படங்கள் போவதுதான் மிச்சமாகும்.

நீ சொன்னவற்றை நாள் வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். போன திங்கட்கிழமை வரை டேப் உங்கள் அலுவலக வைஃபையில் ஒழுங்காக இணைந்திருக்கிறது. அன்று மாலை, 90 நாள் முடிந்துவிட்டதென்று கம்ப்யூட்டர் கேட்டதால் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாய். செவ்வாய் காலை 9.15க்கு உன் கணக்கு பூட்டப்பட்டுவிட்டதாகத் திரையில் வந்திருக்கிறது. ஐடி பிரிவில் திறந்துவிட்டார்கள். மதியம் கேன்டீனிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பூட்டிக்கொண்டது. டேப் இணையாததை ஒரு தொல்லையாகவும் கணக்கு பூட்டிக்கொள்வதை இன்னொரு தொல்லையாகவும் நீ சொன்னாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

நம் வீட்டு வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்டு. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். உங்கள் அலுவலகத்தில் அவரவர் பெயரும் அவரவர் பாஸ்வேர்டும் கேட்கிறார்கள். கூரையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும், வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட், உன்னை உள்ளே விடலாமா என்று தானாக முடிவு செய்வதில்லை. அது பின்னால் இருக்கும், ஆளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கும். அந்தச் சர்வர், காலையில் நீ கம்ப்யூட்டரைத் திறக்கப் பயன்படுத்தும் அதே கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லும். இந்த ஏற்பாட்டுக்கு 802.1எக்ஸ் என்று பெயர். 2001இல் வந்த தரநிலை. பாஸ்வேர்டை நீ கம்ப்யூட்டரில் மாற்றினாய், டேப்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. காலையில் பையோடு நீ வாசலைத் தாண்டியதும் அது பழைய பாஸ்வேர்டுடன் கதவைத் தட்டுகிறது. மறுத்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டுகிறது. தவறான முயற்சிகள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டியதும், யாரோ திருடப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கு தன்னைப் பூட்டிக்கொள்கிறது. மதியம் கேன்டீனில் கிரிக்கெட் பார்த்துவிட்டு மேலே வந்தபோதும் இதுவே நடந்திருக்க வேண்டும். உன் செல்போன் சொந்த டேட்டாவிலேயே இருப்பதால் அதற்கு இதில் பங்கில்லை.

நான் லேப்பைக் கவனித்துக்கொண்ட எங்கள் கல்லூரியில் 5 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தோம். ஒரு பேராசிரியரின் கணக்கு தினமும் பூட்டிக்கொண்டது. அவரும் தினமும் லேப் வாசலில் வந்து நிற்பார். சர்வர் பதிவேட்டைத் திறந்து, அந்தத் தவறான முயற்சிகள் எந்தக் கருவியிலிருந்து வருகின்றன என்று பார்க்க எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தோன்றியது. அவர் மேசை இழுப்பறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பழைய டேப்தான் காரணம். அந்த ஒரு வாரமும் அவர்தான் பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறார் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகையால் நாளை அலுவலகத்துக்குள் நுழையும் முன்பே, பேருந்தில் உட்கார்ந்தபடியே, டேப்பில் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, சேமித்து வைத்திருக்கும் அலுவலக நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து நீக்கிவிடு. அலுவலக மெயிலையும் டேப்பில் வைத்திருந்தால் அதிலும் பழைய பாஸ்வேர்டு இருக்கலாம். அதையும் மாற்று, இல்லாவிட்டால் வைஃபையைச் சரிசெய்த பிறகும் கணக்கு பூட்டிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு ஐடி பிரிவில் கணக்கைத் திறக்கச் சொல். இந்த வரிசை மாறினால், அவர்கள் திறந்த கையோடு உன் பையில் இருப்பது மறுபடியும் பூட்டிவிடும்.

அடுத்து, நெட்வொர்க்கைப் புதிதாகச் சேர்க்கும்போது டேப் சில கேள்விகள் கேட்கும். இந்த இடத்தில் அவசரப்படாதே. அடையாளம் சரிபார்க்கும் முறை (EAP method) என்ற இடத்தில் பெரும்பாலான அலுவலகங்களில் பீப் (PEAP) என்பதையும், அதற்கு அடுத்ததில் எம்எஸ்சாப் வி2 (MSCHAPv2) என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். உங்கள் அலுவலகத்தில் வேறாக இருந்தால் அவர்கள் சொல்வதே சரி. பெயர் கேட்குமிடத்தில் வெறும் பெயரா, மெயில் முகவரி போல முழுதாகவா என்று கேட்டுக்கொள். அனானிமஸ் என்று வரும் கட்டத்தை, அவர்கள் எதுவும் சொல்லாவிட்டால், காலியாக விடு.

அதன் பிறகு, எதிரே இருப்பது உங்கள் அலுவலகச் சர்வர்தான் என்று உறுதிசெய்யும் சான்றிதழும், அந்தச் சர்வரின் டொமைன் பெயரும் கேட்கும். சரிபார்க்க வேண்டாம் என்றொரு வழி உன் டேப்பில் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் அதைத்தான் தட்டச் சொல்வார். தட்டாதே. உங்கள் கட்டடத்துக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து ஒருவன் அதே பெயரில் ஒரு வைஃபையை வைத்தால், சான்றிதழைச் சரிபார்க்காத டேப் அதையே அலுவலகம் என்று நம்பி உன் அடையாளத்தை அவனிடம் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு அப்படியே எழுத்தெழுத்தாகப் போகாது என்பது உண்மைதான். ஆனால் பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்டு டேப் அவனுக்கு அனுப்பும் விடையிலிருந்து அதைத் திறந்துவிடும் வழியை 2012இல் டெஃப் கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டிலேயே காட்டிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு, 2020 இறுதியில், கூகுள் தன் பிக்சல் கருவிகளில் சரிபார்க்க வேண்டாம் என்ற அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. உன் டேப்பில் அது இல்லாவிட்டால் கோளாறு என்று நினைத்துவிடாதே. எந்தச் சான்றிதழ், எந்த டொமைன் பெயர் என்று ஐடி பிரிவில் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

இதில் உன்னைக் கண்டிக்க எனக்குத் தகுதி கொஞ்சம் குறைவுதான். மாணவர்களின் வரிசை குறைந்தால் போதும் என்று, சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி நானே அம்புக்குறி போட்டு நோட்டீஸ் அச்சடித்து லேப் கதவில் ஒட்டியிருந்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் இணையவில்லை என்றால், எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கவனித்துச் சொல். "வரமாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொன்னால் எனக்கும் புரியாது, ஐடி பிரிவுக்கும் புரியாது. பெயரே பட்டியலில் தெரியவில்லையா, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் மறுக்கிறதா, ஐபி முகவரி (நெட்வொர்க் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்) பெறுவதாகச் சொல்லி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா, இணைந்துவிட்டதாகச் சொல்லியும் ஒரு பக்கமும் திறக்கவில்லையா? ஐபி முகவரியிலேயே நின்றால் பிழை பெரும்பாலும் உன்னுடையதல்ல. சிறிய நெட்வொர்க் ஒன்றில் 254 முகவரிகள்தான் கொடுக்க முடியும். விண்டோஸ் சர்வரில் யாரும் மாற்றாமல் விட்டால் ஒருவருக்குக் கொடுத்த முகவரி 8 நாள் வரை அவர் பெயரிலேயே இருக்கும். ஆளுக்கு இரண்டு கருவி கொண்டுவந்தால் தீர்ந்துபோகத்தானே செய்யும்.

உங்கள் அலுவலகத்தில் சொந்தக் கருவிகளின் மேக் முகவரியை, அதாவது கருவி செய்யும்போதே அதற்கு இடப்படும் அடையாள எண்ணை, எழுதி வாங்கிக்கொள்கிறார்களா என்றும் கேள். ஆண்ட்ராய்டு 10 முதல், டேப் தன் உண்மையான மேக் முகவரியை மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒன்றாக ஒரு பொய் முகவரியைக் காட்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் பொருந்தாது. கண்டுபிடிப்பது எளிது: வைஃபை விவரத்தில் தெரியும் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது டேப் தானாக இட்டுக்கொண்டது. அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் கருவியின் சொந்த மேக் முகவரியைப் பயன்படுத்தச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வெளியிடங்களில் பொய் முகவரியே இருக்கட்டும்.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு வந்திருந்தபோது விளம்பரம் வராமல் இருப்பதற்காக ப்ரைவேட் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் எதையோ எழுதி வைத்தாய் அல்லவா? அது 853 என்ற போர்ட் (நெட்வொர்க்கின் எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியே போகும். பல அலுவலகங்களில் அதை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது வைஃபை இணைந்திருக்கும், இணையம் மட்டும் வராது. அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றிப் பார்.

ஒருவேளை ஐடி பிரிவில், சொந்த டேப் வேண்டுமென்றால் எங்கள் நிர்வாகச் செயலியை நிறுவ வேண்டும் என்று சொன்னால், அதன் மூலம் டேப் முழுவதையும் அவர்களால் அழிக்க முடியுமா, அலுவலகப் பகுதியை மட்டும்தானா என்று கேட்டுவிட்டு நிறுவு. முழுவதும் என்றால் விருந்தினர் வைஃபையோடு நிறுத்திக்கொள்.

செட்டிங்ஸ் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்டு கட்டத்தில் கண் குறி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடு. போன தடவை அனுப்பிய படத்தில் அது முழுதாகத் தெரிந்தது. என் பிறந்த நாளையா பாஸ்வேர்டாக வைத்திருந்தாய்?

அன்புடன்,
அம்மா