எக்ஸ் அச்சைக் கேட்டால் எக்ஸுக்கே பூஜ்யமா?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு நேர்க்கோடு எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளியைக் கேட்டால், பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் எக்ஸுக்கே பூஜ்யம் போடுகிறார்கள் என்று நொந்துகொண்டிருக்கிறாய். அவர்கள்மேல் கோபப்படாதே அம்மா. எக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் எக்ஸின் மேல்தான் கை போகும். "எக்ஸ் கேட்டால் ஒய்க்குப் பூஜ்யம், ஒய் கேட்டால் எக்ஸுக்குப் பூஜ்யம்" என்று ஒப்பிக்க வைக்கலாம். மாதத் தேர்வுவரை நிற்கும், அரையாண்டில் தலைகீழாகிவிடும்.

ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து, கிடையச்சின், அதாவது எக்ஸ் அச்சின் மேல் விரலை வைத்து நகர்த்தச் சொல். விரல் நிற்கிற ஒவ்வோர் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லட்டும்: (1, 0), (4, 0), (−3, 0). இரண்டாவது எண் அசையவே இல்லை என்று கடைசி பெஞ்சிலிருந்தே குரல் வரும். கோடு அந்த அச்சை எங்கே வெட்டினாலும் அங்கே ஒய் பூஜ்யம்தான் என்பது அவர்களே கண்டதாகிவிடும். அப்புறம் 2எக்ஸ் + 3ஒய் = 12 கொடு. ஒய்க்குப் பூஜ்யம் இட்டால் எக்ஸ் 6, எக்ஸுக்குப் பூஜ்யம் இட்டால் ஒய் 4. (6, 0), (0, 4) இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு தயார். மறுநாள் 2எக்ஸ் = 3ஒய் கொடுத்துப் பார். இரண்டு தடவையும் (0, 0) வந்து விழிப்பார்கள். ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டை வரைய (3, 2) போல வேறொரு புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். அதுவரை பேசாமல் இரு. நீ முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற ஆள்.

இந்த வெட்டும் புள்ளியைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்பான். கேட்காவிட்டாலும் நீ சொல்லத்தான் வேண்டும். இயற்பியல் வாத்தியாரின் மகளுக்கு இந்த இடத்தில் என்ன வரும் என்று தெரிந்திருக்குமே, சார்லஸ் விதிதான்: அழுத்தம் மாறாவிட்டால் வாயுவின் பருமன் வெப்பநிலையோடு சீராக ஏறும்.

பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், அதாவது பூஜ்யம் டிகிரி செல்சியஸில், 100 மில்லி காற்றை எடுத்துக்கொள். அழுத்தம் மாறாமல் 100 டிகிரிக்குச் சூடேற்றினால் அது ஏறத்தாழ 136.6 மில்லி ஆகும். வெப்பநிலையை எக்ஸ் அச்சிலும் பருமனை ஒய் அச்சிலும் குறித்தால் ஒரு நேர்க்கோடு. ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், 100. சாய்வு, அதாவது ஒரு டிகிரிக்குக் கூடும் பருமன், 0.366. இப்போது கோட்டை இடப்பக்கமாகப் புள்ளிக்கோடாக நீட்டச் சொல். 100 + 0.366எக்ஸ் = 0 என்று எழுதினால் எக்ஸ் சுமார் −273. அடுத்து பாதி அளவு காற்று. 50இல் தொடங்கி 68.3 மில்லிக்குப் போகிறது. சாய்வும் வேறு, ஒய் வெட்டுத்துண்டும் வேறு. நீட்டிப் பார்த்தால் இரண்டு கோடுகளும் எக்ஸ் அச்சை ஒரே புள்ளியில் வெட்டுகின்றன! எவ்வளவு காற்று எடுத்தாலும் இதுதான். ஹைட்ரஜனானாலும் ஆக்சிஜனானாலும் ஏறக்குறைய அங்கேயேதான் போய்ச் சேரும்.

சார்லஸ் 1787 வாக்கில் செய்ததை வெளியிடவில்லை. 1802இல் கே-லுசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிதான் அளந்து வெளியிட்டார். அவர் கணக்கில் 100 பங்கு காற்று 137.5 பங்கானது. அதை வைத்துப் போட்டுப் பார்த்தால் வெட்டும் இடம் −266.7. அளவில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை, வெட்டும் புள்ளியோ ஆறு டிகிரிக்கு மேல் விலகிவிட்டது. அளந்த இடத்திலிருந்து வெகுதூரம் கோட்டை நீட்டினால் இந்தத் தொல்லை வரும். உன் மாணவர்கள் வரைபடத்தாளில் பென்சிலைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் இதே கதிதான். மதிப்பெண்ணைக் குறைக்கும்போது இதை நினைத்துக்கொள்.

சரி, −273இல் காற்று மறைந்துவிடுமா என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். மறையாது. நைட்ரஜன் −196 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. கடைசிவரை தாக்குப்பிடிக்கும் ஹீலியம்கூட −269இல் பணிந்துவிடும். எந்த வாயுவும் அந்தக் கோட்டின் முனைவரை வாயுவாகவே போய்ச் சேர்வதில்லை. ஆனாலும் அந்தப் புள்ளிக்குப் பொருள் உண்டு. வெப்பநிலையை அளக்கும் கெல்வின் அளவுகோலின் பூஜ்யம் அதுதான், இன்றைய கணக்கில் −273.15 டிகிரி செல்சியஸ். அவர்கள் அறிவியல் புத்தகத்தில் செல்சியஸோடு 273 கூட்டு என்று வருகிறதே, அந்த எண் இந்த வெட்டுத்துண்டிலிருந்து வந்தது என்று காட்டிவிடு. பாடம் இரண்டு, கணக்கு ஒன்று.

நாரத்தங்காய் ஊறுகாயை உன் அம்மா பார்சலில் அனுப்பியிருக்கிறாள், ஈரக்கரண்டி போடாதே என்கிறாள். பாதி அளவுக் காற்றின் கோட்டை வரைந்த அன்று வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா