அந்தத் தெரு வெறிச்சோடிக் கிடக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் 1838-இல் எடுத்த பாரிஸ் படத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சி. ஆனால் கீழே 'வெறிச்சோடிய தெரு' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டூடியோ நடத்தியவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது பூல்வார் து தாம்பிள். நாடகக் கொட்டகைகள் வரிசையாக இருந்த வீதி. கொலையும் கொள்ளையுமாகவே மேடையேற்றியதால் 'குற்ற வீதி' என்று ஊரார் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடம் காலியாகவா இருக்கும்? டாகேர் பயன்படுத்திய வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் பிடிக்கும். வண்டி, குதிரை, நடந்துபோன ஜனம் எதுவும் ஓரிடத்தில் நிற்காததால் அதில் பதியவில்லை, அவ்வளவுதான். என் ஸ்டூடியோவில் துறுதுறுவென்று ஆடிய குழந்தைகளின் முகம் கலங்கி விழுந்ததும் இதே கதைதான்.

நீங்கள் அச்சிட்ட படத்தில் இடது கீழ் மூலையைப் பாருங்கள். ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி வைத்து, ஷூவுக்கு பாலிஷ் போடக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆடாமல் நின்றார், பதிந்துவிட்டார். பாலிஷ் போடுபவரும் மங்கலாகத் தெரிகிறார். புகைப்படத்தில் விழுந்த மனிதர்களில் மிகப் பழையவர்கள் என்று இந்த இருவரைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது.

1862-இல், பாரிஸை மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மானின் நகரச் சீரமைப்பில் அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலானவை இடிபட்டன. சரி, அடுத்த முறை படத்தை அரைப் பக்கத்துக்காவது போடுங்கள். கடுகளவு மனிதரைத் தேட எனக்கு லென்ஸ் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
திண்டுக்கல்