பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்பானவர்களுக்கு,

நேற்று மகனின் 18ஆம் மாத இரத்த முடிவு வந்தது. எச்.ஐ.வி. இல்லை. தாயின் எதிர்ப்பணுக்கள் பிள்ளையின் இரத்தத்தில் அதுவரை நிற்கலாம் என்பதால்தான் இவ்வளவு காலம் காத்திருந்தோம். கிளினிக் வாசலில் இருந்து அழுதேன். அங்கே கச்சான் விற்ற அம்மா கெட்ட சேதி என்று நினைத்திருப்பார், பாவம்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பதும் நடந்ததும் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. தாயிலிருந்து பிள்ளைக்கு இந்தக் கிருமி போவதை இலங்கை நிறுத்திவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது, குளிசையை ஒழுங்காகப் போடுங்கோ என்று முதல் நாளே சொன்ன டொக்டருக்கு நன்றி. (நாடு தப்பியது சரி, என் பிள்ளை தப்புமா என்றுதான் எனக்கு அன்று ஓடியது.) பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிடாமல் கிட்ட வந்து கையைத் தொட்ட மிஸ்ஸிக்கும், ஒன்றும் கேட்காமல் சந்தியில் இறக்கிவிட்ட ஓட்டோ அண்ணாவுக்கும், இரவு ஒன்பதுக்கு "போட்டாச்சா?" என்று மட்டும் வட்சப் அனுப்பும் தங்கச்சிக்கும் நன்றி. என் கோப்பினை நுனிவிரலால் தூக்கிய இடமும் உண்டு. அது இன்றைக்கு வேண்டாம்.

ஆச்சியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கிருமி தாய்ப்பால் வழியாகவும் போகலாம் என்பதால், தாய்ப்பால் இல்லை, மாப்பால்தான் என்று முடிவாகியிருந்தது. குளிசையை அரிசி வாளிக்குள் ஒளிக்கலாம். பால் கொடுக்காததை எங்கே ஒளிப்பது? யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளிடம் முதலில் கேட்பதே "பால் காணுமோ?" என்றுதான். பக்கத்து வீட்டு ஆச்சியும், பால் சுரக்கட்டும் என்று சுறா வறை செய்து சில்வர் சட்டியில் கொண்டுவந்தார். என் தலைமாட்டில் மாப்பால் பேணியும் போத்தலும் இருந்தன. பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "பால் குடுக்கிறவளுக்கு மட்டுமே வறை? பெத்த உடம்பு தேற வேண்டாமே, சாப்பிடு" என்று வைத்துவிட்டுப் போனார்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வீடு நிறைய ஆட்கள். மாமி ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன் பிள்ளை, பால் குடுக்கேல்லையோ? என்ன வருத்தம்?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிராமல் சொன்னார்: "என்ரை மூத்தவனும் மாப்பாலிலைதான் வளந்தவன். இண்டைக்குக் கனடாவிலை பென்னாம்பெரிய லொறி ஓடுறான்." எல்லாரும் சிரித்தார்கள். கதை லொறிக்குப் போய்விட்டது.

போன மாதம் ஆச்சியின் மகள் பேச்சுவாக்கில் சொன்னா, அண்ணா மூன்று வயதுவரை தாய்ப்பால் குடித்தவராம், மறக்கப்பண்ண வேப்பெண்ணெய் பூச வேண்டி வந்ததாம்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத மனுசி, எனக்காக வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். என்ன தெரிந்து சொன்னார், எவ்வளவு தெரிந்து சொன்னார், எனக்குத் தெரியாது. இனி என் முன்னால் எந்தப் பெண்ணிடம் அந்தக் கேள்வி வந்தாலும், என் மகனும் மாப்பால்தான் என்று முந்திக்கொண்டு சொல்வேன். எனக்கு அது பொய்யும் இல்லை.

ஆச்சியின் சட்டி இன்னும் என்னிடம்தான். தெரியவந்தால் அதில் மறுபடி சமைப்பாரோ என்ற பயத்தில் கொடுக்காமலே வைத்திருந்தேன். வெறுஞ்சட்டியாகக் கொடுக்கவும் கூடாது. நாளைக்கு வெள்ளி. மோதகம் அவிக்கப் பயறு வறுத்து வைத்திருக்கிறேன்.