செவிலியரையும் கேளுங்கள்

ஐயா,

பச்சிளங்குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செருக உதவும் கருவிகளைப் பொறியியல் மாணவர்கள் வடிவமைப்பது நல்ல விஷயம். ஆனால் வரைபடம் போடுவதற்கு முன் அவர்கள் சில இரவுகளாவது பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்குப் போடும் குழாயின் உள்விட்டம் 2.5 மில்லிமீட்டர்தான். குழந்தையின் தலை குனிந்தால் குழாய் கீழே இறங்கி ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமிர்ந்தால் கழன்றே வந்துவிடலாம். அதை வாயோரம் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரு துண்டு பிளாஸ்திரி. எச்சில் ஊறினால் பிடி விடும். அழுத்தி ஒட்டினாலோ, எடுக்கும்போது குறைமாதக் குழந்தையின் தோலும் சேர்ந்து உரியும். இதெல்லாம் கணினித் திரையில் தெரியாது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியரைக் கேட்டால் தெரியும்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மீன்தொட்டி பம்புகளை வைத்தே சுவாச உதவிக் கருவி ஒன்றின் முதல் மாதிரியைச் செய்தார்கள். குழாய் செருகாமல் மூக்கு வழியே அழுத்தக் காற்று தரும் 'பபிள் சிபாப்' அது. பின்னர் மேம்படுத்தி, ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டையர் நகர மருத்துவமனையில் சோதித்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வின்படி, வெறும் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதமும் இக்கருவியில் வைக்கப்பட்ட குழந்தைகளில் 71 சதவீதமும் பிழைத்தன.

நம் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் பல நேரம் வைவா முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது. மதிப்பெண் கிடைத்தது, சரி, அப்புறம்? மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கும் இடங்களிலாவது, வழிகாட்டும் குழுவில் ஒரு செவிலியரையும் சேர்க்க அரசு உத்தரவிடலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை