பேரூராட்சியில் 74, மாநகராட்சியில் 52

ஐயா,

2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சிகளில் 74 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. மாநகராட்சிகளில் 52தான். சென்னை பாதியைக்கூடத் தொடவில்லை.

எங்கள் ஊரும் பேரூராட்சிதான். வார்டுக்குச் சில நூறு ஓட்டுகள். வேட்பாளர் அடுத்த தெருக்காரர், போடாமல் விட்டால் மறுநாள் டீக்கடையிலேயே, "என்னண்ணே, ஊர்ல இல்லையா?" என்று கேட்டுவிடுவார். அப்புறம் எப்படிப் போகாமல் இருப்பது? கட்சிச் சின்னம் இருந்தாலும், சொந்தபந்தத்தையும், குழாயில் தண்ணீர் வராதபோது யார் எட்டிப் பார்ப்பார் என்பதையும் வைத்துத்தான் ஓட்டு விழுகிறது. பணமும் பேசுகிறது, மறைப்பானேன்.

சரி, வராத மீதிப் பேர்? எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். பெயர் மட்டும் இங்கே. எப்போதோ காலமான என் பெரியப்பாவின் பெயரும் அன்றைய பட்டியலில் இருந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன், வார்டு வார்டாகத் தெருவில் வைத்துப் பட்டியலை உரக்க வாசித்தாலே போதும். யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஊரே சொல்லிவிடும்.

- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்